பன்னிரண்டு மணி நேரம் என்று நான் கொடுத்த சான்று

போன மாதம் போர்ட் பிளேரின் ஜங்லிகாட் மார்க்கெட்டில் சூரை மீன் வாங்க நின்றிருந்தேன். எங்கள் குடிநீர் லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஒருத்தி ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு வந்து வணக்கம் வைத்தாள். வைத்த கையோடு போனை நீட்டினாள். அதில் ஏதோ ஓர் ஆப். குடிநீரில் குளோரின் இத்தனை மணிக்கு இவ்வளவு, அத்தனை மணிக்கு அவ்வளவு என்று தட்டினால், அது குறைகிற வேகத்தை ஆறு தசம இடத்துக்குச் சொல்லிவிடுமாம். "உங்க காலத்துல இதையெல்லாம் எப்படி சார் கணக்குப் போட்டீங்க?" என்று கேட்டாள். கையால் போட்டோம், தப்பாகப் போட்டோம் என்றேன். தமாஷ் என்று நினைத்துச் சிரித்தாள். மீன்காரரும் சிரித்தார். நான் சொன்னது வாக்குமூலம். அதை முழுதாகவே எழுதிவிடலாம் என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் போட்ட குளோரின் சும்மா இருக்காது. அதிலுள்ள அழுக்கோடும் இலைச்சாறோடும் மல்லுக்கட்டித் தீர்ந்துகொண்டே போகும். தீருகிற வேகம், அந்த நேரத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நிறைய இருந்தால் நிறையத் தீரும். குறையக் குறைய, தீருகிற அளவும் குறையும். இரண்டு மணி நேரத்தில் பாதி போனால், அடுத்த இரண்டு மணி நேரத்தில் மீதி முழுவதும் போய்விடாது. மீதியில் பாதிதான் போகும். இதற்கு முதல் வகை வினை என்று பெயர். பாதியாகக் குறைய ஆகும் நேரம் அரை வாழ்வுக் காலம். இவ்வளவு தெரிந்தால் போதும், இந்தக் கதையில் வரும் எல்லாரையும்விட உங்களுக்குக் கூடுதலாகவே தெரியும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என் அப்பா தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து போர்ட் பிளேருக்குப் படகுத் தச்சராக வந்தவர். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே கல்லூரியில் வேதியியல் படித்தேன். வினைகளின் வேகத்தைப் பற்றிய பாடம் நடத்தியவர், மெயின்லேண்டுக்கு மாற்றல் வாங்குவதிலேயே குறியாக இருந்தார். சென்னைக் கப்பல் வருகிற வாரமெல்லாம் மனுவோடு அலைவார். கப்பல் போன பிறகு வந்து சோகமாகப் பாடம் எடுப்பார். பாதிப் பாடத்தில் மாற்றல் கிடைத்துவிட்டது. மீதிப் பாதியை நாங்களே படித்துத் தேறினோம். பிறகு குடிநீர் லேபில் வேலை. முதல் பத்து வருஷம் பாட்டில் கழுவினேன், அடுத்த பத்து வருஷம் பாட்டில் கழுவுகிறவர்களை மேய்த்தேன். என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான்.

என் மேலதிகாரி பிஸ்வாஸ் சாப். எஞ்சினியர். பெங்காலி, ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் தீவில்தான். மரைன் ஹில்லில் குவார்ட்டர்ஸ். சட்டைப் பையில் எல்லாரும் பேனா வைப்பார்கள். அவர் அரை அடி ஸ்டீல் ஸ்கேல் வைத்திருப்பார். குழாய் நேராகப் போக வேண்டும், வரிசை நேராக நிற்க வேண்டும், கிராஃபும் நேராக இருக்க வேண்டும் என்பது அவருடைய மதம். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. நான் வளைகோடு வரைந்து கொண்டுபோனால், தாளை மேஜையில் வைத்துத் தடவி நீவி விடுவார். பையிலிருந்து ஸ்கேலை எடுப்பார். முதல் புள்ளிக்கும் இரண்டாவது புள்ளிக்கும் நடுவே வைத்து, சிவப்புப் பென்சிலால் ஒரே இழுப்பு. தாளின் ஓரம் வரை இழுத்துவிட்டு, திருப்பிக் கொடுத்து, "சேவியர் ஜி, லைன் சீதா ஹோனா சாஹியே" என்பார். கோடு நேராக இருக்க வேண்டும். மற்றபடி தங்கமான மனிதர்.

அந்த ஸ்கேல் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். பிளீச்சிங் பவுடர் கப்பலில் மூட்டை மூட்டையாக வரும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வைத்திருக்க வைத்திருக்க அதன் வீரியம் குறையும். வந்தபோது நூற்றுக்கு முப்பத்து மூன்று, ஒரு மாதத்தில் முப்பது என்று நான் அளந்து கொடுத்தேன். ஒரு வருஷத்துக்கு எப்படிக் குறையும் என்று அட்டவணை வேண்டும் என்றார்கள். சாப் ஸ்கேலை வைத்தார். மாதத்துக்கு மூன்று வீதம் இறங்கி, பதினோராவது மாதம் பூஜ்யம், பன்னிரண்டாவது மாதம் மைனஸ் மூன்று. அப்படியே டைப் அடித்து, கையெழுத்தாகி, மேலே போய்விட்டது. இரண்டு மாதம் கழித்து மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்த கடிதத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மைனஸ் மூன்று சதவீத பிளீச்சிங் பவுடர் தற்போது எந்த கோடவுனில், யார் பொறுப்பில் உள்ளது, பாதுகாப்பாக உள்ளதா என்று கேட்டிருந்தார்கள். அப்படி ஒரு பொருள் உலகத்தில் இல்லை என்று நான் பதில் எழுதினேன். சாப் அதை அடித்து, "தற்போது கையிருப்பில் இல்லை" என்று திருத்தினார். மேலிடம் திருப்தி அடைந்து ஃபைலை மூடிவிட்டது.

அன்றைக்கு நான் கேன்டீனில் போய் இதை எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். படித்த கெமிஸ்ட், ஸ்கேல் பிடித்த எஞ்சினியரைப் பார்த்துச் சிரிக்காமல் வேறு யார் சிரிப்பது? அந்தச் சிரிப்புக்குப் பிற்பாடு வட்டியும் முதலுமாகக் கட்டினேன்.

சுனாமி முடிந்து இரண்டாவது வருஷம். தீவுகளின் தென்கோடியில் இருக்கும் கேம்பல் பேயில் வீடிழந்தவர்களைத் தகரக் கொட்டகைகளில் வைத்திருந்தார்கள். வரிசை வரிசையாகத் தகரச் சுவர், தகரக் கூரை. பக்கத்து நாலாவிலிருந்து, அதாவது காட்டு ஓடையிலிருந்து, தண்ணீரைப் பம்ப் செய்து, இரும்பு ஸ்டாண்டின் மேலிருக்கும் பெரிய கறுப்பு பிளாஸ்டிக் டேங்கில் ஏற்றுவார்கள். தினமும் காலை ஆறு மணிக்குப் பம்ப் மஸ்தூர், அதாவது பம்ப் பார்க்கும் கூலியாள், ஒரு வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு தெளிந்த நீரை மட்டும் டேங்கில் ஊற்ற வேண்டும். ஆறரைக்குச் சோதித்தால் இரண்டு பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம், குளோரின் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு முறை. ஆர்டர் அப்படி.

அங்கே மஸ்தூராக இருந்தவர் ராமையா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்; சுனாமிக்குப் பிறகு மாமனார் குடும்பத்தோடு கேம்பல் பே முகாமுக்கு வந்துவிட்டார். அங்கேயும் இங்கேயுமாக எங்கள் துறையில் பல வருஷமாகத் தினக்கூலி. அந்த வருஷம்தான் நிரந்தரமாக்கும் பட்டியலில் அவர் பெயர் ஏறியிருந்தது. தினக்கூலியாக இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பட்டியலின் அருமை தெரியும். எங்கள் தீவில் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் ஜாதகம் பார்ப்பதற்கு முன் அந்தப் பட்டியலைத்தான் பார்ப்பார்கள்.

முகாமில் சில குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. சுகாதார ஊழியர் புகார் எழுதினார். அங்கிருந்த ஜூனியர் எஞ்சினியர் ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு டேங்க் தண்ணீரைச் சோதித்தார். குளோரின் சுத்தமாக இல்லை. ராமையாவின் நோட்டிலோ தினமும் காலை ஆறரைக்கு இரண்டு, இரண்டு, இரண்டு என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. விஷயம் போர்ட் பிளேருக்கு வந்தது. பிஸ்வாஸ் சாப் என்னைக் கூப்பிட்டு, காலையில் இரண்டு இருந்தால் மாலையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டார். நேர்க்கோடு போட்டு அவரே சொல்லியிருக்கலாம். மைனஸ் மூன்றுக்குப் பிறகு கொஞ்சம் எச்சரிக்கையாகிவிட்டார் போலும்.

நான் விஞ்ஞானபூர்வமாக இறங்கினேன். கண்ணாடி பாட்டிலை மூன்று முறை கழுவினேன். லேப் குழாயில் வருகிற தண்ணீரை வடிகட்டி எடுத்தேன். சரியாக இரண்டு பி.பி.எம். குளோரின் கலந்து, வெளிச்சம் படாமல் அலமாரிக்குள் வைத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சோதனைக் குழாயில் கொஞ்சம் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, வந்த மஞ்சள் நிறத்தை அளவுத் தட்டோடு ஒப்பிட்டேன். ஒவ்வோர் அளவுக்கும் மடக்கை, அதாவது லாக், எடுத்து, கிராஃபில் குறித்தேன். அளவுகளை அப்படியே குறித்தால்தான் வளைகோடு வரும். மடக்கை எடுத்துக் குறித்தால் முதல் வகை வினைக்கு நேர்க்கோடு வரும். அதன் சரிவுதான் வேக மாறிலி. எனக்கு வந்த கோடு நூல் பிடித்தது போல இருந்தது. அரை வாழ்வுக் காலம் பன்னிரண்டு மணி நேரம். காலையில் இரண்டு என்றால் மாலையில் ஒன்று.

சான்று எழுதினேன். மாலையில் ஒரு பி.பி.எம். இருந்தே ஆக வேண்டும் என்று ஒரு வாக்கியம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "குளோரின் காணப்படாதது, காலையில் மருந்து போடப்படவேயில்லை என்பதை ஐயமின்றி நிரூபிக்கிறது" என்று இன்னொரு வாக்கியமும் எழுதினேன். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. படிக்கும்போது கம்பீரமாக இருந்தது, அதனால் எழுதினேன். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தது இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ராமையாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். விசாரணை முடியும்வரை பட்டியலில் பெயர் கிடையாது. விசாரணை அதிகாரியாக நியமிக்கப்பட்டவர், என் சான்றோடு புகாரை மேலே அனுப்பிய அதே பிஸ்வாஸ் சாப். நிபுணர் சாட்சியாக நான். இடைக்காலத்தில் வேறொருவர் மருந்து போட்டார். அவர் போட்ட பிறகும் மாலையில் குளோரின் இருந்ததா என்று யாரும் சோதிக்கவில்லை. விசாரணை நிலுவையில் இருக்கும்போது சோதனை செய்வது விசாரணையைப் பாதிக்கும் என்று ஆபீசில் ஒருவர் கருதினாராம்.

நானும் சாப்பும் கப்பலேறினோம். ஒவ்வொரு தீவாக நின்று நின்று கேம்பல் பே போய்ச் சேர்வதற்குள் எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிட்டது. கப்பல் ஜெட்டியில் எங்கள் சோதனைப் பெட்டியை ஒருவர் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். மெலிந்த ஆள், நாற்பது வயதுக்குள். பத்திரமாகப் பிடி, கண்ணாடிச் சாமான் என்றேன். "தெரியுங்க ஐயா, நான்தாங்க ராமையா" என்றார். அவருக்கு எதிரான சாட்சியத்தை அவர் தலையிலேயே ஏற்றிக்கொண்டு நாங்கள் முகாமுக்கு நடந்தோம்.

கெஸ்ட் ஹவுஸ் வாசலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவர் போகாமல் நின்றார். "நான் போட்டேங்க ஐயா. ஒரு நாளும் தப்பாமப் போட்டேன். பெறகு அது எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. நீங்க படிச்சவங்க, நீங்கதான் சொல்லணும்."

கணக்கு பொய் சொல்லாது ராமையா என்றேன். அவர் தலையாட்டினார். ஏதோ நான் ஆறுதல் சொன்னதுபோல இருந்தது அவர் தலையாட்டியது.

சாப்பின் திட்டம் எளிமையானது. அதிகாரிகள் கண்ணெதிரே காலையில் மருந்து போடுவது. டேங்கின் மூடியைப் பூட்டி அரக்கு முத்திரை வைப்பது. சாயந்திரம்வரை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வது. மாலையில் குளோரின் இருந்தால் ராமையா போடவில்லை என்பது உறுதியாகிவிடும். தண்ணீரைப் பிடித்து யாரும் கணக்கைக் குழப்பிவிடக் கூடாது என்பதற்காக முகாமுக்குப் போகும் வால்வையும் அடைக்கச் சொன்னார். ஆக, முகாமின் தண்ணீரைச் சோதிப்பதற்காக முகாமுக்கு அன்று தண்ணீர் கிடையாது. பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வரிசை நேராக இருந்ததில் சாப்புக்குத் திருப்தி.

டேங்குக்குக் கீழே சாப்புக்கு நாற்காலி, குடை. எனக்கு ஒரு ஸ்டூல். ராமையாவை இருபது அடி தள்ளி, தென்னை மரத்தடியில் உட்காரச் சொன்னார்கள். ஸ்டாண்டின் அடியில் இருந்த சிறு குழாயிலிருந்து நான் தண்ணீர் எடுத்துச் சோதித்தேன். ஆறரைக்கு இரண்டு. நல்ல மஞ்சள். சாப் எழுந்து பார்த்து, கையெழுத்துப் போட்டு, உட்கார்ந்தார்.

ஏழரைக்கு ஒன்று புள்ளி நான்கு. நான் குழாயைச் சரியாகக் கழுவவில்லையோ என்று சந்தேகப்பட்டேன். எட்டரைக்கு ஒன்று. என் கணக்குப்படி மாலை ஆறரைக்கு வர வேண்டிய ஒன்று, காலை டிபனுக்கே வந்துவிட்டது. சாப் ஏணியில் ஆளை ஏற்றி முத்திரையைப் பார்க்கச் சொன்னார். அரக்கு அப்படியே இருந்தது. ராமையாவைப் பார்த்தார். அவர் மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒன்பது மணிக்கு முத்திரையை நானும் பார்க்க ஏணியில் ஏறியபோது டேங்கின் பக்கவாட்டில் யதேச்சையாகக் கை வைத்தேன். சுரீர் என்று சுட்டது, எடுத்துவிட்டேன். மேலே பார்த்தேன். கறுப்பு டேங்க், நிழல் இல்லாத வெட்டவெளி, சுற்றிலும் வெயிலைத் திருப்பி அடிக்கும் தகரம். உள்ளே இருந்தது லேப் குழாய்த் தண்ணீர் அல்ல. இலை ஊறிய, வெளிர் டீ நிறத்து நாலாத் தண்ணீர். வெப்பம் ஏறினால் வினையின் வேகம் ஏறும் என்பது பள்ளிப் பையனுக்கும் தெரியும். அழுக்கு கூடினாலும் அப்படித்தான். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் அலமாரிக்குள் குளிரக் குளிர வைத்து அளந்துவிட்டு, முந்நூறு மைலுக்கு அப்பால் வெயிலில் நின்ற ஒரு டேங்குக்குச் சான்று கொடுத்திருந்தேன்.

உடனே எழுந்து சொன்னேனா? இல்லை. பத்தரைவரை ஸ்டூலில் உட்கார்ந்து, ஒருவேளை இதற்கு மேல் குறையாமல் நின்றுவிடாதா என்று வேளாங்கண்ணி மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். முதல் வகை வினையை நடுவழியில் நிறுத்தச் சொல்லி மாதாவை வேண்டிய ஒரே கெமிஸ்ட் நானாகத்தான் இருப்பேன்.

ஒன்பதரைக்குப் புள்ளி ஏழு, பத்தரைக்கு அரை. சாப் பொறுமை இழந்து, என்ன நடக்கிறது என்று கேட்டார். நான் மடக்கை எடுத்து கிராஃபில் ஐந்து புள்ளிகளையும் குறித்துக் கொடுத்தேன். வழக்கம்போல நீவிவிட்டு ஸ்கேலை எடுத்து வைத்தார். ஐந்து புள்ளியும் ஸ்கேலின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நின்றன. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இத்தனை வருஷ சர்வீஸில் நான் அவருக்குக் கொடுத்த முதல் நேர்க்கோடு. "யே ஹுயி நா பாத்" என்று என் முதுகில் தட்டினார். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அர்த்தம். குளோரின் பாதியாகக் குறைந்து பாதியாகக் குறைந்து போவதெல்லாம் அவருக்கு அந்த நிமிஷம் பொருட்டில்லை. கோடு நேராக இருந்தது.

பதினொன்றரைக்குக் கால் வந்தது. கோட்டுக்குக் கீழே விழுந்த புள்ளி. பன்னிரண்டரைக்குப் பத்தில் ஒன்று. இன்னும் கீழே. கோடு உடைந்துவிட்டது என்று சாப் வருத்தப்பட்டார். வெயில் ஏற ஏற வேகம் கூடுகிறது, அதனால் கோடு செங்குத்தாகத் திரும்புகிறது என்று விளக்கினேன். அவர் எழுந்து, ஏணியில் இரண்டு படி ஏறி, தானே டேங்கில் கை வைத்துப் பார்த்தார். இறங்கி வந்து குடைக்குள் உட்கார்ந்தார். ஒன்றரைக்கு நான் சொட்டு விட்டுக் குழாயைத் தூக்கிப் பிடித்தபோது தண்ணீர் எந்த நிறமும் காட்டவில்லை.

சாப் என்னைக் கேட்ட கேள்வியை அப்படியே எழுதுகிறேன்: "சேவியர் ஜி, உங்க லேப்ல ஏசி இருக்கு இல்ல?" தமிழ் அவருக்குக் கொஞ்சம் வரும். முக்கியமான நேரத்தில் மட்டும் எடுப்பார். இருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. கேன்டீனில் நான் சிரித்தது அவருக்குத் தெரிந்திருக்கும், இருந்தும் சிரிக்கவில்லை.

ஆனால் விசாரணை என்று ஒன்று ஆரம்பித்துவிட்டால் அதற்கு முடிவு வேண்டும். குளோரினை யார் எடுத்தது என்ற கட்டம் காலியாக இருந்தது. யாரும் எடுக்கவில்லை சாப், அதுவாகப் போயிற்று என்றேன். அதுவாகப் போயிற்று என்று அரசாங்க ஃபைலில் எழுத முடியாது என்றார். இருவரும் கெஸ்ட் ஹவுஸில் உட்கார்ந்து மூளையைக் கசக்கினோம். கடைசியில் சாப்தான் வழி கண்டார். சுனாமியில் போன பொருள்களுக்காக அச்சடித்த படிவங்கள் கேம்பல் பே ஆபீசில் கட்டுக்கட்டாக மிஞ்சியிருந்தன: இயற்கைப் பேரிடரால் ஏற்பட்ட இழப்பு. காணாமல் போன குளோரின் அந்தப் படிவத்தில் பதிவாயிற்று. பேரிடரின் தன்மை என்ற இடத்தில் சாப் "வெயில்" என்று எழுதினார்.

என் சான்றுக்கும் அவரே ஒரு வார்த்தை பார்த்துக் கொடுத்தார்: உள்ளூர் நிலைமைகளுக்கு அது முழுமையாகப் பொருந்தாமல் போயிருக்கலாம். நான் பத்துப் பக்கத்துக்கு அறிக்கை எழுதினேன். வேக மாறிலி, வெப்பநிலை, நாலாத் தண்ணீரின் தன்மை எல்லாம் இருந்தன. நான் தப்பு செய்துவிட்டேன் என்ற வாக்கியம் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. ராமையா மீது குற்றமில்லை, மீண்டும் வேலையில் சேரலாம், பட்டியலில் பெயர் தொடரும் என்று சாப் கையெழுத்துப் போட்டார். நாலு மணி இருக்கும். எனக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது. ராமையாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.

அவர் முழுதாகக் கேட்டார். காலில் விழுவாரோ, அதை எப்படித் தடுப்பது என்று நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அப்படி எதுவும் செய்யவில்லை.

"சந்தோசங்க ஐயா. ஆனா இத கேம்ப்ல யாரு படிப்பாங்க? மருந்து களவாண்டவன்னு பேரு வச்சுட்டாங்க. என் சம்சாரம் கொடத்தோட லைன்ல நின்னா தள்ளி உடுறாங்க. புள்ளைங்களுக்கு வயித்தால போனதுக்கு நான்தான் காரணம்னு சொல்றாங்க. நீங்க வந்து கொழாயடியில ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

உத்தரவு வரும், நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள் என்று மழுப்பினேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். வேறு வழியில்லாமல் எழுந்தேன். நூறு அடி தூரம்கூட இருக்காது. அந்த நூறு அடியில் எனக்குத் தோன்றிய தப்பிக்கும் வார்த்தைகளை மட்டும் எழுதினாலே இன்னொரு அறிக்கை ஆகிவிடும்.

குழாயடியில் பெண்கள் இன்னும் நின்றிருந்தார்கள். பஞ்சாபி, தெலுங்கு, தமிழ், எல்லாரும். முதலில் ஹிந்தியிலும் பிறகு தமிழிலும் சொன்னேன். ராமையா தினமும் மருந்து போட்டிருக்கிறார். வெயிலில் அது மத்தியானத்துக்குள் தீர்ந்துபோயிருக்கிறது. சாயந்திரம்வரை இருக்கும் என்று எழுதிக் கொடுத்தது நான். நான் எழுதியது தப்பு. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஐந்து நிமிஷத்தில் முடிந்த பேச்சு, முப்பது வருஷ சர்வீஸில் வேறெந்தப் பேச்சும் எனக்கு இவ்வளவு நீளமாகத் தோன்றியதில்லை.

யாரும் உச்சுக் கொட்டவில்லை, திட்டவும் இல்லை. ராமையாவின் மனைவி வரிசையின் கடைசியில் நின்றிருந்தாள். முன்னாலிருந்த சர்தார் வீட்டு அம்மாள் தன் குடத்தைக் கொஞ்சம் நகர்த்தி அவளுக்கு இடம் விட்டாள். ராமையா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது நடுவில் நின்ற ஒரு பெண் கேட்டாள். மரியபுஷ்பம் என்று பெயர், எங்கள் தூத்துக்குடிப் பக்கத்து மீனவக் குடும்பம். அவள் சின்ன மகளும் வயிற்றுப்போக்கில் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"மத்தியானத்துக்குள்ள தீந்துபோவுதுன்னா, மத்தியானம் இன்னொரு தரம் போட வேண்டியதுதான அண்ணாச்சி?"

நான் பிஸ்வாஸ் சாப்பைப் பார்த்தேன். அவரும் எங்கள் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். அவர் என்னைப் பார்த்தார். புகார், சான்று, நிறுத்தம், கப்பல், முத்திரை, பேரிடர்ப் படிவம், என் பத்துப் பக்கம், எல்லாவற்றிலும் சேர்த்து இந்த ஒரு வரி எங்கேயும் இல்லை. குளோரினை யார் எடுத்தார்கள் என்று இரண்டு மாதம் தேடியிருக்கிறோம். சாயந்திரம் இந்தப் பிள்ளைகள் எந்தத் தண்ணீரைக் குடிக்கும் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அன்று மாலைக்குக்கூட டேங்கில் குளோரின் இல்லை என்பது ஒன்றரை மணிக்கே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அறிக்கை எழுத உட்கார்ந்தேன்.

ஆமாம் தாயி, போட வேண்டியதுதான் என்றேன்.

"போடட்டுங்களா ஐயா? ஆர்டரு காலைக்கு மட்டுந்தான இருக்கு," என்றார் ராமையா. நான் பையில் இருந்த கிராஃப் தாளைத் திருப்பி, தினமும் மத்தியானம் ஒரு முறை, இன்று இப்போதே ஒரு முறை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாப் அதை வாங்கிப் படித்தார். தாளை நீவினார். ஸ்கேலை எடுக்கவில்லை, கீழே தானும் கையெழுத்துப் போட்டார். ராமையா வாளியில் மருந்தைக் கரைத்துத் தெளிய விட்டு, ஏணியில் ஏறி அரக்கை உடைத்தார். கலந்து முடித்து அரை மணி நேரம் பொறுத்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, நான் கடிகாரத்தைப் பார்த்தபடி குழாயடியிலேயே நின்றேன்.